நான்காவது லெகான் குஞ்சு

விளக்கு

சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது கொட்டகைக்குள் திரி கருகிய வாசனை அடித்தது. புரூடரின் விளக்கு அணைந்திருந்தது.

இன்றைய இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். புரூடர் என்பது தாய்க்கோழியின் சூட்டைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் பெட்டி. முப்பதுகளில் எங்கள் மார்க்கையன்கோட்டைப் பண்ணையில் மின்சாரம் இல்லை. அடியில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆனி மாதம் கம்பம் பக்கமிருந்து வீசும் காற்றுக்கு எந்த விளக்கும் நிற்காது. கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் சாத்தவில்லை.

ஒயிட் லெகான் என்ற சீமைக்கோழி இனத்தின் முட்டைகளை முதலாளி பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தார். உமி நிரப்பிய பெட்டியைத் தேனி ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் நான்குதான் பொரிந்தன. நான்காவது, ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்து அப்படியே கிடந்தது. அதற்குக் கால் ஊன்றவில்லை. பஞ்சை வெந்நீரில் நனைத்து அலகின் ஓரத்தில் சொட்டுவிட்டேன். உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதி ஈரத்தை உலர்த்தினேன்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "கலெக்டர் வாராக. அன்னைக்கு நாலும் முத்தத்துல மேயணும். ஒண்ணு கொறஞ்சாலும் நீ படிச்ச படிப்ப மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஜெயமங்கலத்துக்கு நடையக் கட்டிரு. தெரியுதாலே?"

ஜெயமங்கலத்தில் என் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தார். என் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

விளக்கு அணைந்த பெட்டிக்குள் மூன்று குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கியிருந்தன. நான்காவது அவற்றிடம் நகர முடியாமல் மூலையில் விறைத்துக் கிடந்தது. தொட்டேன்; சில்லிட்டிருந்தது. மூடிய கண் திறக்கவில்லை. செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். அதை மறுபடியும் கையில் எடுத்துச் சூடு காட்டவில்லை. முதலாளி எப்போது வருவார் என்பதுதான் என் நினைப்பாக இருந்தது.

கொல்லையில் நாட்டுக்கோழி ஒன்று அதே வாரம் பொரித்திருந்தது. அதன் குஞ்சுகளில் ஒன்று மஞ்சள். தாய் என் கையைக் கொத்தக் கொத்த அதைப் பிடித்து வந்து புரூடருக்குள் விட்டேன். விறைத்த குஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டு மேலே உமியைத் தூவினேன். கொட்டகை கூட்டும் ராக்கம்மா கூடையை எடுத்துப் போனாள்.

இறகு

லெகான் குஞ்சும் மஞ்சள்தான். பிறகுதான் வெள்ளை இறகு முளைக்கும். என் திருட்டுக் குஞ்சுக்குத் தவிட்டு நிறத்தில் முளைத்தது. காலையில் முதல் ஆளாகக் கொட்டகையைத் திறப்பேன். முதலாளி வருவதற்குள் புதிதாய் முளைத்த இறகுகளைப் பிடுங்குவேன். அது கத்தும். அலகை விரலால் பொத்திக்கொள்வேன்.

"இதென்னலே, இது மட்டும் மொட்டையா நிக்குது?" என்றார் முதலாளி.

"சவலைங்க முதலாளி. தேறிரும்."

"தேறுமா? எனக்கென்னமோ ஒன்னய மாதிரியே இருக்கு."

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராக்கம்மா

ஆடி முடிவதற்குள் ஒரு நாள் முதலாளி கையில் ஒரு வெள்ளைக் கோழிக்குஞ்சோடு கொட்டகைக்குள் வந்தார். பின்னாலேயே ராக்கம்மா ஓடிவந்தாள். பண்ணைக்குப் பின்புறம்தான் அவள் குடிசை.

"ஏத்தா, இது ஒன் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"கூடையில கெடந்துச்சுங்க முதலாளி. செத்ததுதானேன்னு பூனைக்குப் போட எடுத்துட்டுப் போனேன். அடுப்பு ஓரத்துல வச்சிட்டுப் பூனையக் கூப்புடுறேன், கீச்சுன்னு ஒரு சத்தம். அப்புறம் போட மனசு வரல. மடியில கட்டிக்கிட்டே வேல பாத்தேன்."

"செத்தது கத்துமாக்கும்! முட்டையத் திருடி அடை வச்சிருக்க." என் பக்கம் திரும்பினார். "ஏலே, பொரிச்சது எத்தன?"

"நாலுங்க."

"நாலும் இங்கன இருக்கா?"

"இருக்குங்க."

ராக்கம்மா மொட்டைக் குஞ்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"தம்பி, கூடையில போட்டது நீங்கதானே? ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

அவள் அழவில்லை. "அன்னைக்கே பூனைக்குப் போட்டிருக்கணும். உசுரு இருக்கேன்னு பாத்தது என் தப்புத்தான்" என்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனாள். வெள்ளைக் குஞ்சு முதலாளியின் கையிலிருந்து துள்ளி இறங்கி அவள் பின்னால் ஓடியது. நான்தான் ஓடிப்போய்ப் பிடித்து வந்தேன்.

அந்த வாரமே அவள் ஆண்டிபட்டிப் பக்கம் பிழைக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு இறகு பிடுங்க எனக்குக் கை வரவில்லை. மொட்டைக் குஞ்சு தவிட்டு நிறத்தில் செழித்தது. முதலாளி ஒரு நாள் அதைத் தூக்கிப் பார்த்தார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடக் களவாணிப் பயலே! நாட்டுக் குஞ்ச மாத்தி வச்சிட்டியாக்கும்? போகுது போ, வெள்ளைதான் நாலு இருக்கே. கலெக்டருக்கு இதையே கொழம்பு வச்சிருவோம்."

அவ்வளவுதான். நான் அத்தனை நாள் நடுங்கிக்கொண்டிருந்தது இந்தச் சிரிப்புக்காக. 'அப்படியானால் ராக்கம்மா திருடவில்லையே' என்று அவர் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அது நின்றுவிடக் கூடாதே என்று பயந்தேன். கேட்கவில்லை.

பின்னாளில் பல பண்ணைகளில் வேலை பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் விறைத்த குஞ்சைக் கொண்டுவந்து "செத்துப்போச்சு சார்" என்று நீட்டும்போதெல்லாம் ஒன்றே சொன்னேன்: "சூடு காட்டிப் பார். சூடேறிய பிறகும் அசையாவிட்டால் அப்போது சொல், செத்தது என்று." அவர்களில் பலர் கையில் குஞ்சு கண் திறந்திருக்கிறது. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்பார்கள். அனுபவம் என்பேன்.

ராக்கம்மாவிடம் கற்றேன் என்று இப்போதுதான் எழுதுகிறேன்.