அடாப்டரில் காயப்போட்ட மங்கி கேப்

கருகிய கம்பளி நாற்றம்... ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அது மறக்காது.

பல வருடங்களுக்கு முன் ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், வீடு முழுக்க அந்த நாற்றம். கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தால், ஸ்பீக்கரின் அடாப்டர்மேல் அப்பாவின் மங்கி கேப். எடுத்துப் பார்த்தேன். அடாப்டர் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. தீப்பிடித்திருந்தால்?

கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் மஞ்சு, அதுதான் மூடுபனி, இறங்கிவிட்டால் துணி காயவே காயாது. வீட்டில் எது வெதுவெதுப்பாக இருந்தாலும் அதன்மேல் ஒரு துணி ஏறிவிடும். அப்போதைய அடாப்டர்கள் செங்கல் மாதிரி கனமாக, எந்நேரமும் சூடாக இருக்கும். அது அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது.

"அது பாட்டுக்குச் சூடா கெடக்கு, வீணாத்தானே போகுதுன்னு போட்டேன்ப்பா. இப்பிடி ஆகும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

திட்ட வாய் வரவில்லை. அந்த ஸ்பீக்கரை வாங்கியதே அம்மாவுக்காகத்தான்.

அம்மா பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். குடியுரிமை ஒப்பந்தத்தில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்தியா என்று எழுதிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அம்மாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு இலங்கையே என்று ஆகிவிட்டது. அதன் பிறகு கடிதம் மட்டும்தான்... கலவரக் காலத்தில் அதுவும் நின்றுபோனது. சித்தி உயிரோடு இருக்கிறாரா என்பதே எங்களுக்குத் தெரியாது.

அப்படியிருக்க, ஒருநாள் ஃபேஸ்புக்கில் முன்பின் தெரியாத ஒருவர் என் தாத்தா பெயரைச் சொல்லி, "நீங்க அவங்க பேரனா?" என்று கேட்டார். ஆடிப்போய்விட்டேன். சித்தியின் மகன்!

வருகிற ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு தோட்டத்துக்குப் போகிறேன், வீடியோ காலில் உங்கள் சித்தியைக் காட்டுகிறேன் என்றார். மறுநாளே வேலைக்காக வளைகுடாவுக்குப் புறப்படுகிறாராம். அவர் போய்விட்டால் சித்தி வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? இங்கே அம்மாவுக்கோ காது மந்தம். ஹெட்போன் மாட்டினால் தலை சுற்றுகிறது என்பார். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையே இல்லை.

பஜாரில் ஒரு கடையில் அடாப்டர் கொடுத்தார்கள்.

"பின்னு சேருதுல்லண்ணே, பெறகென்ன? வெரசா கொண்டுபோய் மாட்டுங்க."

மாட்டினேன். கரகரவென்று இழுத்துவிட்டு அடங்கிப்போனது. உருகிய அடாப்டரின் லேபிளைத் துடைத்துப் படித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே போவதும் ஏசி... வெளியே வருவதும் ஏசி! அடாப்டர் என்றாலே டிசிதான் தரும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். கொடைக்கானலில் ஒரு கடையிலும் அப்படி ஒன்று இல்லை, புது ஸ்பீக்கர் வாங்கக் கையில் காசும் இல்லை.

சனிக்கிழமை வெள்ளனே மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை. கடைக்கார அக்கா ஒரு சாக்கைக் கவிழ்த்துவிட்டு, "இதுலதான் எல்லாம் கெடக்கு. பாத்து எடுத்துக்கங்க தம்பி, எனக்குச் சோலி இருக்கு" என்று உள்ளே போய்விட்டார்.

சிக்குப் பிடித்த வயர்களுக்குள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். டிசி... டிசி... டிசி... மத்தியானம் தாண்டிவிட்டது. கடைசியில் ஏதோ பழைய மோடத்தின் அடாப்டர் ஒன்று கையில் வந்தது. அதே வோல்டேஜ், அதே பின், வெளியே வருவதும் ஏசி. என் கண்ணையே நம்பாமல் அக்காவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன்.

"ஏசின்னுதான் போட்டிருக்கு. ஏன் தம்பி, காலையிலேருந்து நீங்கதான படிச்சுக்கிட்டிருந்தீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி நாங்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றோம். திரையில் கலங்கலாக ஒரு முகம் வந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஸ்பீக்கரிலிருந்து...

"அக்கா... கேக்குதா? நான் பேசுறது கேக்குதா அக்கா?"

அத்தனை பேரும் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம். அது அம்மாவின் குரல். அதே இழுவை, அதே கரகரப்பு. ஆனால் அம்மா வாயே திறக்கவில்லை.

அப்பா டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா மட்டும் அசரவில்லை.

"கேக்குதுடி... நல்லா கேக்குது" என்றார். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் அழுகைதான். யார் அழுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

இப்போது அடாப்டருக்காக மலை இறங்க வேண்டியதில்லை. சித்தி கையிலேயே போன் இருக்கிறது, தினமும் வாய்ஸ் மெசேஜ் வரும். அம்மா, என் மகளுக்கு அப்பாயி, தவறிப்போய்ச் சில மாதங்கள் ஆகின்றன... மெசேஜ் மட்டும் நிற்கவில்லை. நான் இயர்போன் மாட்டித்தான் கேட்பேன். என்னால் வேறு மாதிரி கேட்க முடியவில்லை.

போன வாரம் ஏதோ யோசனையில் இயர்போன் மாட்டாமல் அப்படியே அழுத்திவிட்டேன்.

"சாப்ட்டியா மகன்?"

உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள், பென்சிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என்னைத் தாண்டிப் போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, அப்பாயி எங்க?"