காரிமங்கலம் சந்தையில் வாசித்த சுற்றறிக்கை

கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது. காரிமங்கலம் சந்தையில் கொய்யா வாங்குகிறேன். கடைக்கார அக்கா ஒரு காகிதத்தை நீட்டுகிறார்.

"படிச்ச பொண்ணாட்டம் இருக்கறீங்க. இதைக் கொஞ்சம் வாசிங்க."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சந்தைக்கே கேட்கும்படி வாசிக்கிறேன். பங்குக் கோயில் சுற்றறிக்கை அது. போப்பாண்டவர் அனுமதியில்லாமல் ஆயர்களை, அதாவது பிஷப்புகளை, ஏற்படுத்துகிறவர்களும், அப்படி ஆயராகிறவர்களும் திருச்சபைக்கு வெளியே என்கிறது.

பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் தன் நாத்தனார் என்கிறார் அக்கா. போப்பாண்டவரோடு ஒத்துப்போகாமல் பழைய லத்தீன் பூசையே நடத்துகிறவர்களிடம் போகிறவராம். அவர்களுக்கு அப்படி அனுமதியில்லாமல் வரப்போகும் புது ஆயர்தான் நாத்தனாரின் மகளுக்கு உறுதிபூசுதல் என்ற சடங்கைச் செய்வாராம். அதில் பிள்ளைக்குத் துணையாக, ஞானத்தாயாக நிற்க வேண்டியவர் அண்ணியான இந்தக் கொய்யாக்கடை அக்கா.

"லத்தீன் உனக்குப் புரியுதா புள்ள?" என்று நாத்தனாரைக் கேட்கிறார் அக்கா.

"கேக்கற சாமிக்குப் புரியுதுங்க அண்ணி."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "ஞானத்தாய் நிக்கக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்களா?"

பின்பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன். "இல்லைங்கக்கா."

"அப்ப நிக்கறேன். புள்ளைக்கு வெள்ளைப் பாவாடை போன வாரமே எடுத்தாச்சு."

நாத்தனார் இந்தப் பக்கம் திரும்புகிறார். நான் கேட்காமலேயே என் பையில் இரண்டு கை வெள்ளரிப்பிஞ்சை அள்ளிப் போடுகிறார்.