இரும்புக்குக் கெட்ட பெயர்

வீட்டில் அவள் பெரியவள். கொழுந்தனின் மனைவி சின்னவள். இருவருமே தத்தம் பிறந்த வீட்டின் முதல் பட்டதாரிகள். வேலையும் ஒரே இடத்தில், மூடிக்கிடக்கும் ஓர் உலோகத் தொழிற்சாலையின் பின்புறம். இயந்திரங்களின் எண்ணெய்ப்பிசுக்கைக் கழுவிய ரசாயனம் வருடக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கி, சுற்றுத்தெருக் கிணறுகளையெல்லாம் கெடுத்து வைத்திருந்தது. அந்த நீரைச் சுத்தம் செய்வதுதான் இருவருக்கும் வேலை.

மாவு போன்ற இரும்புத்தூளை நீரில் கலக்கி, ஆழ்துளைக் குழாய் வழியே நிலத்தடிக்கு அனுப்புவது பெரியவளின் வேலை. இரும்பு அங்கே துருப்பிடித்து, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அதற்குப் பிறகுதான் சின்னவளின் பாக்டீரியாவுக்கு அங்கே வாழ்வு. ஆக்சிஜன் பட்டால் அவை செத்துவிடும். இல்லாத இடத்தில் அந்த விஷத்தைச் சிதைத்தே பிழைக்கும்.

மாமனாருக்கு இதெல்லாம் ஒரே வரி. "சின்னவ உயிரை வளர்க்கிறா, பெரியவ துருப்பிடிக்க வைக்கிறா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்த வாயோடு சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். அவள் நகக்கண்ணில் ஏறிய கறுப்பு எந்த சோப்புக்கும் மசியாது. சின்னவளின் விரல்களோ கையுறைக்குள்ளேயே இருந்து பூப்போல இருக்கும். போதாக்குறைக்கு அவள் நல்லவள் வேறு. கெட்டவளாக இருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

பாக்டீரியாவை இறக்கும் நாள் வந்தது. ஒரே ஒரு பீப்பாய், மாதக்கணக்கில் வளர்த்தது. அதை உள்ளே தள்ளும் நீரிலும் ஆக்சிஜன் இருக்கக் கூடாது. அதனால் நைட்ரஜன் ஊதிச் சுத்தமாக்கிய நீர் தொட்டியில் தயாராக இருந்தது. மட்டம் சற்றுக் குறைந்திருப்பதைப் பார்த்த சின்னவள், பதற்றத்தில், பக்கத்துக் குழாயைத் திறந்து நிரப்பிவிட்டாள். ஆக்சிஜன் நிறைந்த பச்சைத் தண்ணீர்.

பெரியவள் மட்டும்தான் பார்த்தாள். பம்ப் சுவிட்சில் கை வைத்தபடி வாயே திறக்கவில்லை. சாகட்டும். இன்றைக்கு மாமா என்ன சொல்கிறார், பார்ப்போம்.

"அக்கா, போடலாமா?"

அப்போதுதான் உறைத்தது. அவை செத்தால் பழி யார் தலையில் விடியும்? நிலத்தடியில் ஆக்சிஜன் தீரவில்லை, இரும்பு வேலை செய்யவில்லை என்றுதானே மேலாளர் சொல்வார்? செத்தும் அந்தப் பூச்சிகளே நல்ல பெயர் வாங்கிக்கொள்ளுமா?

"இரு இரு! குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ஊத்திட்டியேடி, பைத்தியம்! மறுபடி நைட்ரஜன் விடு."

சின்னவளின் முகம் வெளிறியது. "ஐயோ, அக்கா!" என்று அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாலைக்குள் பாக்டீரியா பத்திரமாக இறங்கிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் சின்னவளே பேச்சை எடுத்தாள். "தப்பு என்னோடதுதான் மாமா. அக்கா மட்டும் இல்லேன்னா எல்லாமே போயிருக்கும்."

மாமனார் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "பாத்தீங்களா? தப்பை ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்! அது சின்னவகிட்ட இருக்கு."

ஒத்துக்கொள்ளப் பெரியவளிடமும் ஒன்று இருந்தது: சுவிட்சில் கை வைத்துப் பேசாமல் நின்ற அந்த நேரம். அதைச் சொன்னால் தனக்கும் அந்த மனசு இருப்பதாகச் சொல்வாரா? சொல்லித்தான் பார்த்தால் என்ன?

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தாள்.

"அந்த உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் சின்னவளிடம்.