பூக்கடை அண்ணாச்சியின் ஃபிளெக்ஸ்

கேரம் ஆட்டத்தில் என்னை வென்ற ஒரு நல்ல மனிதரை ஊர் நடுவே கேலிப்பொருளாக நிறுத்தினேன். பொறாமைதான் காரணம். வேறு சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

அவர் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சி. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். எங்கள் கேரம் மன்றப் போட்டியின் இறுதியாட்டத்தில் என்னை ஒரு பாயிண்ட்கூட எடுக்கவிடாமல் எழுப்பி அனுப்பினார். அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் போனில் புலம்பினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எதிராளியை இப்படி முட்டை வாங்க வைத்துத் தோற்கடிப்பதை அங்கே 'ஸ்கங்க்' பண்ணுவது என்பார்களாம். ஸ்கங்க் என்பது நாற்றத்தைப் பீய்ச்சியடிக்கும் ஒரு பிராணி. கொச்சையான சொல்தான், ஆனால் என் நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது.

மறுநாள் அண்ணாச்சியே என்னைத் தேடி வந்தார். வெற்றிக்கு ஃபிளெக்ஸ் வைக்கப்போகிறாராம். படத்துக்குக் கீழே பட்டம்போல ஒரு இங்கிலீஷ் வார்த்தை வேண்டுமாம். 'ஸ்கங்க்' என்றேன். மாவீரன் என்று பொருளும் சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டு அருகே அது எழுந்தது. கூலிங் கிளாஸ், கும்பிட்ட கை, முதுகுக்குப் பின்னால் பாயும் சிங்கம், கீழே பொன்னெழுத்தில் 'சங்கரன்கோவிலின் ஸ்கங்க்'. சிவகிரி பஸ்ஸுக்கு நின்ற கல்லூரிப் பிள்ளைகள் செல்போனில் தேடி, அந்தப் பிராணியை அவரிடமே காட்டிவிட்டார்கள். அன்றோடு அவர் மன்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். நான் மற்றவர்களை ஜெயித்துக்கொண்டே இருந்தேன். அதில் ஒரு ருசியும் இல்லை.

கடைசியில் நானும் ஒரு ஃபிளெக்ஸ் அடித்து, அவருடையதன் பக்கத்திலேயே கட்டினேன். 'இந்த அண்ணாச்சி என்னை ஸ்கங்க் செய்தார். அதாவது, முட்டை வாங்கித் தோற்றவன் நான். பொருளை மாற்றிச் சொன்னவனும் நானே. மன்னிக்கவும்.' எனக்கும் ஒரு சிங்கம் போட்டே தீருவேன் என்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் அடம்பிடித்தார். மறுத்துவிட்டு, ஸ்கங்கைப் போடச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மன்றத்துக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை.

"ஏன் வே, உமக்கும் அந்தப் பிராணிக்கும் முகச்சாடை அப்படியே ஒத்துப்போவுதே," என்றார். பலகையில் பவுடரைக் கொட்டித் தேய்த்தார். "உக்காரும். இன்னைக்கும் ஒரு பாயிண்ட் எடுக்க விட மாட்டேன்."

விடவில்லை. நான் சிரித்த சிரிப்பில் ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டி அவர் மடியில் போய் விழுந்தது.