வாப்பாவின் "யெஸ் சேர்"

பேத்தியைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். பள்ளி அதிபர் எங்களூர்க்காரர்தான், ஆனால் வாய் திறந்ததும் இங்கிலீஷ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பதுகளில் வாப்பா என்னைக் கல்முனையில் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். மருதமுனையில் தறி நெய்கிறவர். தெரிந்த ஒரே இங்கிலீஷை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்: "யெஸ் சேர்."

தலைமை வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்து, தமிழில் பேரம் பேசி, வாப்பா நெய்த சாரன் வாங்கிப்போகிற மனுசன். அன்றைக்கு அவர் வாயில் ஒரு தமிழ்ச் சொல்லும் வரவில்லை. கேட்டதற்கெல்லாம் வாப்பா "யெஸ் சேர்" என்றார். கடைசிக் கேள்விக்கும் அதையே சொன்னார். அங்கிருந்த வாத்தியார்மாரெல்லாம் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் பியோன், அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: "காக்கா, உங்கட மகன் இந்த ஸ்கூலுக்குச் சரிவரமாட்டான்தானேண்டு கேட்டாரு. நீங்க ஓமெண்டுட்டீங்க."

வாப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். "அதத் தமிழுல கேட்டிருக்கலாமே, மகன்."

இன்றைக்கு, பேத்தியின் பள்ளி அதிபர் திரும்பவும் இங்கிலீஷில் கேட்டார். பின்னாளில் நானே படித்துக்கொண்ட இங்கிலீஷால் கேள்வி நன்றாகவே விளங்கியது.

"தம்பி, உங்கட உம்மாவோட கதைக்கிற பாஷையில கேளுங்க," என்றேன். "அதுக்குத்தான் பதில் சொல்லுவன்."