கொச்சியார் வீட்டு வெள்ளிக்கிழமை

போன மாதம் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். யூதர்களும் கிறிஸ்தவர்களும் இந்தக் காலத்தில் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பது தலைப்பு. ராயபுரத்தில் எதற்கு இந்தப் பேச்சு என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் போனது மின்விசிறிக்காக. அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் கரண்ட் இல்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த சாமியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு நன்றாகத்தான் பேசினார். நடுவில், "இங்கே யாராவது ஒரு யூதரோடு பேசியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் சங்கடம். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த மனிதரைப் பார்த்து வருஷக்கணக்கில் வயிறெரிந்தேன் என்று மைக்கில் சொல்ல முடியுமா? நல்லவேளை, அதற்குள் டீ வந்துவிட்டது.

டீயில் யாரோ ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தார்கள். ஏலக்காய் வாசம் வந்தால் எனக்குக் கூடவே மண்ணெண்ணெய் வாசமும் வந்துவிடும். அந்த யூதரை நாங்கள் கொச்சியார் என்போம்; அவர் வீட்டில் அந்த இரண்டும் சேர்ந்துதான் இருந்தன.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லூர்துசாமி என்று பெயர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நாள் முழுக்க அந்தரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதால் பேச்சே மறந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்தால் "சோறு கீதா?" என்பார். சாப்பிட்டு முடித்தால் "ம்". குடித்தனம் பண்ண அந்த இரண்டு வார்த்தை போதும் என்று அவருக்கு நினைப்பு. ஆனால் ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் வந்தால் ஆளே மாறிவிடுவார். கோயில் மைதானத்தில் போடும் பாஸ்கா நாடகத்தில் ஏசுநாதரைக் கொல்லச் சொல்லும் யூதத் தலைமைக் குரு வேஷம் எப்போதும் இவருக்குத்தான். கறுப்பு அங்கி, சணல் தாடி, பஞ்சையும் பசையையும் உருட்டி ஒட்டிய பெரிய மூக்கு. அவர் போடுகிற சத்தத்தில் கைக்குழந்தைகள் வீரிட்டு அழும். மறுநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால்கூட மீன்காரிகள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு ஒரே பெருமை. வருஷத்தில் ஒரு நாளாவது என் புருஷன் வாய் திறக்கிறாரே!

கொச்சியார் எங்கள் சந்தின் கடைசி மாடியில் தனியாகக் குடியிருந்தார். கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, சோப்பு என்று சாமான் ஏற்றிவிடும் கடையில் ஸ்டோர் கீப்பர். அவர் யூதர் என்பது தெரிந்த விஷயம்தான். அவருடைய சொந்தபந்தமெல்லாம் கொச்சியைக் காலி செய்துகொண்டு இஸ்ரவேல் போய்விட்டது. மனைவி இறந்துபோனவள். அவர் மட்டும் மெட்ராஸைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போகும்போது அவர் வேலைக்குப் போவார், சனிக்கிழமை வீட்டில் இருப்பார். அவ்வளவுதான் அவரைப் பற்றி நாங்கள் அறிந்தது.

ஒரு தவக்காலத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம், தலைமைக் குருவின் அங்கிக்கு நிஜமாகவே என்ன கலர் என்று கேட்பதற்காக என் வீட்டுக்காரர் அந்த மாடி ஏறினார். அங்கே கொச்சியார் பொழுதோடு ஏற்றிவைத்த சின்ன எண்ணெய் விளக்கு ஒன்று அணைந்துகொண்டிருக்க, இருட்டில் உட்கார்ந்திருந்தாராம். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டதற்கு, "கரண்ட் உண்டு. இன்னைக்கு நான் சுவிட்சைத் தொடக் கூடாது" என்றாராம். வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி பொழுது சாயும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. அடுத்தவரைப் போடச் சொல்லிக் கேட்கவும் கூடாது. வந்தவர் தன் வசதிக்காகப் போட்டுக்கொண்டால் அந்த வெளிச்சத்தில் அவரும் உட்காரலாம். வந்தவர் தனக்காக டீ போட்டுக்கொண்டால் மிஞ்சியதை அவரும் குடிக்கலாம். இவர் சுவிட்சைப் போட்டார். அடுத்த வெள்ளியும் போனார். அதற்கடுத்த வெள்ளியும் போனார்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது என்கிறீர்களா? பக்கத்து வீட்டு ஜைத்தூன் மூலமாகத்தான். அவள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் கொச்சியார் வீட்டு ஜன்னல் தெரியும்.

"இன்னாக்கா, நம்ம வூட்டு அடுப்பாண்ட எட்டிப் பாக்காத மன்சன், அங்க ஸ்டவ்வுக்குப் பம்பு அட்ச்சுகினு கீறாரு!" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோதுகூட ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்காத மனிதர்! அன்று ராத்திரி சோறு போடும்போது கேட்டேன். "அவரு கேக்கக் கூடாதுமே. நானே புர்ஞ்சிகினு செய்யணும்" என்றார். பாருங்கள் நியாயத்தை! நானும்தான் இத்தனை வருஷமாக எதுவும் கேட்கவில்லை. என் விஷயத்தில் மட்டும் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லை. கொஞ்ச நாளில் என்னிடம் பால் ஊற்றாத டீ வேண்டுமென்றார், ஏலக்காய் தட்டிப் போட்டு. மாமிசம் சாப்பிட்ட கையோடு அவர்கள் பால் தொடமாட்டார்களாம், அதனால் அங்கே பாலில்லாத டீதானாம். வெள்ளிக்கிழமை மாமிசமே சாப்பிடாத எங்கள் வீட்டில் பால் என்ன பாவம் செய்தது?

சரி, நாமும் நம் கைமணத்தைக் காட்டுவோம் என்று ஈஸ்டருக்கு எறா தொக்கு செய்து கொடுத்தனுப்பினேன். காசிமேட்டில் விடிகாலையில் போய் வாங்கிய எறா. நான் எறா தொக்கு செய்தால் சந்தே மணக்கும், பெருமைக்குச் சொல்லவில்லை. பாத்திரம் மூடியது மூடியபடி திரும்பி வந்தது. செதிலும் துடுப்பும் இல்லாததை அவர்கள் சாப்பிடக் கூடாதாம். ஜைத்தூன் வீட்டுப் பிள்ளைகள் ஒரு துண்டு விடாமல் வழித்துத் தின்றார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. என் கையால் செய்தது ஆகாது, என் புருஷன் கையால் போட்ட டீ மட்டும் ஆகுமாக்கும்!

அந்தச் சமயத்தில்தான் ரோமாபுரியில் பிஷப்புகள் எல்லோரும் கூடி, ஏசுநாதரின் சாவுக்கு யூதர்கள் எல்லோர் மீதும் பழி போடக் கூடாது என்று சொல்லிவிட்டதாகப் பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பலருக்கு அது காதில் விழவேயில்லை. இவர் மட்டும், ஏற்கெனவே தெரிந்த சமாச்சாரம் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஒத்திகையில், மூக்கு ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாடக வாத்தியார் கத்தினார். மூக்கில்லாமல் ஜனங்களுக்கு யூதர் என்று எப்படித் தெரியும் என்றார். "எனுக்குத் தெர்ஞ்ச யூதருக்கு ஒன் மூக்கு மாரிதான் கீது" என்று இவர் பதில் சொன்னாராம். வேஷம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

வருஷத்தில் ஒரு நாள் கேட்ட அந்தக் குரலும் எனக்குப் போயிற்று. பீடியை விடுங்கள் என்று நான் கரடியாய்க் கத்தியும் விடாதவர், யாரோ ஒருவருக்காக மூக்கை விட்டுவிட்டார். அப்போது எனக்கு வந்த பொறாமையை எழுத்தில் எப்படிச் சொல்வது! வேறொரு பொம்பளை என்றால்கூட முடியைப் பிடித்து இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். இங்கே போய் என்ன கேட்பது?

அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று பார்த்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை, முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். பொழுது சாய்ந்திருந்தது. மாடிப்படி ஏறும்போதே இவர் குரல் கேட்டது. விளக்குப் போடாமல் உள்ளே இருட்டாக இருந்தது. வந்ததும் வராததுமாகப் பேச உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"தண்ணி ஊத்த நேரமே இல்ல சார். ஒரு மூச்சுதான் இழுத்துச்சாம். நான் ஷிப்டுல கீறேன். வந்து பாத்தா துணியில சுத்தி வெச்சிகீறாங்க. ஞானஸ்நானம் இல்லன்னு கல்லறைத் தோட்டத்துக்குள்ள வுடல. மதிலுக்கு வெளியதான் பொதைச்சேன். மோட்சமும் இல்லாம நரகமும் இல்லாம நடுவுல ஒரு எடத்துல கீதுன்றாங்க. ஒங்க வேதத்துல அந்தப் புள்ள எங்க சார் கீது?"

எங்களுக்குப் பிறந்து அன்றே போன பிள்ளை அது. புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தேன்.

கொச்சியார், "அப்படி ஒரு இடம் எங்களுக்கு இல்லா, லூர்தே. தெய்வத்துட கையில இருக்கும். அதுக்கு மேலே எனக்குத் தெரியாது" என்றார். "பட்சே எங்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஒரு மாசம் நிறையாத குஞ்ஞு போயிட்டா தரையில உட்கார்ந்து துக்கம் காக்க வேண்டாம்னு. எனக்கும் ஒண்ணு போச்சு. சட்டப்படி அன்னைக்கு நான் உட்காரல்ல. இப்பவும் உட்கார்ந்துட்டேதான் இருக்கேன்."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். சுமந்தது நான். அந்தப் பேச்சு எனக்குச் சேர வேண்டியது. அதை இந்த மனிதர் மாடி ஏறி வந்து வேறொருவர் மடியில் கொட்டிக்கொண்டிருக்கிறார். விறுவிறுவென்று உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். இருவரும் கண் கூசப் பார்த்தார்கள்.

"எனுக்குக் கண்ணு தெர்ல. எனுக்காவத்தான் போட்டுகினேன்" என்றேன்.

ஸ்டவ்வுக்குப் பம்பு அடித்து, எனக்காகவே ஏலக்காய் தட்டி, எனக்காகவே தேவைக்கு மேல் தண்ணீர் வைத்து டீ போட்டேன். மூன்று டம்ளரில் ஊற்றி வைத்தேன். என் பங்குக்கு நானும் சொன்னேன்.

"அது பொட்டப் புள்ள சார். அத்த இவரு சொன்னாரா?"

"சொன்னான், பெங்ஙளே. பேரு மட்டும் சொல்லல" என்றார் கொச்சியார், தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல.

"தண்ணி ஊத்தாத புள்ளைக்குப் பேரு ஏது சார்?"

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரீட்டா. நான் வெச்சிகீறேன்" என்றார்.

என் மகளின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது இன்னொருவர் வீட்டில். இத்தனை நாளும் கிரேனில் தனியாக உட்கார்ந்துகொண்டு அவர் அவளை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நானும் போனேன். அங்கே பேசுகிற மனிதர் வீட்டில் பேசவில்லை. அவர் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் நான் அந்த மாடி ஏற வேண்டியிருந்தது. கொச்சியாருக்கு உடம்புக்கு முடியாமல்போய், தங்கை மகன் இஸ்ரவேலுக்கு அழைத்துக்கொண்ட பிறகு அதுவும் நின்றது. சென்ட்ரலில் பம்பாய் ரயிலேற்றிவிட்டு வந்த அந்த வாரம், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தும் இவர் எங்கள் வீட்டில் விளக்குப் போடவில்லை. நானும் போடவில்லை. வெகுநேரம் கழித்து, "ரீட்டா இந்நேரம் ஸ்கூல் போவும் இல்ல?" என்றார். "ம்" என்றேன். அன்றைக்கு எனக்குத்தான் பேச வரவில்லை.

இப்போது அந்தச் சந்து இல்லை. கொச்சியார் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம். கல்லறைத் தோட்டத்து மதிலைத் தள்ளிக் கட்டியதில் வெளியே இருந்தது எதுவென்றே தெரியவில்லை. பாஸ்கா நாடகம் எப்போதாவது நடக்கிறது, யாருக்கும் மூக்கு ஒட்டுவதில்லை. இவர் போயும் பல வருஷமாகிறது.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அந்தச் சாமியாரிடம் போய், ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகளுக்கென்று முன்பு ஓர் இடம் சொல்வீர்களே, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்லம்மா. கடவுளோட கையில விட்டுடறோம்" என்றார்.

அந்தப் பதில் கொச்சியார் வீட்டு இருட்டில் என் புருஷனுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. கொச்சியாரும் இந்நேரம் உயிரோடு இருக்கமாட்டார். அந்த நடு இடமே இல்லையென்றால் மூன்று பேரும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். இவர் அவளை ரீட்டா, ரீட்டா என்று கூப்பிட்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.