மயிலாத்தாளுக்கு மூணு பக்கம்

பொறாமைன்னா பொறாமைதானுங்க. இந்தச் சுப்பாத்தாளுக்கு வயித்தெரிச்சல்னு எலப்புள்ளிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நானே சொல்லிப்போடறேன், அவங்க எதுக்குச் சிரமப்படோணும்?

பாகம் பிரிக்கறப்ப, மலையோரம் பன்னி வரும்னு பயந்து எங்க ஊட்டுக்காரர் ரோட்டோரத்தைக் கேட்டு வாங்கினாரு. காட்டை ஒட்டின பூமி கொழுந்தனாருக்குப் போச்சு. அன்னைக்குப் புடிச்சது எனக்குப் பங்காளிக் காய்ச்சல். அவரு பொண்டாட்டி மயிலாத்தாளுக்குச் சித்திரையிலயும் கெணத்துல தண்ணி கெடக்கும். நடவுக்குத் தழை சும்மா. மாட்டுக்குப் புல்லு சும்மா. நான் எருவுக்கு வண்டிவாடகை குடுத்து அழுவேன். அவளுக்கு ஒரு மழை பேஞ்சாப் போதும், மக்கின எலையெல்லாம் தானா வயல்ல வந்து எறங்கும். எரியாதுங்களா?

எழுபத்தாறுல அந்தக் காட்டை வெட்டித் தைலமரம் நடப்போறாங்கன்னு பேச்சு வந்துது. வெட்டட்டும், அவளும் எருவுக்கு அலையட்டும்னு மாரியாத்தாளுக்கு மாவிளக்கு நேந்துக்கிட்டேன்.

அப்பத்தான் காட்டுக்கு மதிப்புப் போட ஒரு சார் வந்தாரு. மரத்தோட வெலையை எழுதியாச்சாம். காட்டால குடியானவங்களுக்கு என்ன பிரயோசனம்னு கேட்டு, அது மரத்து வெலையைவிடக் கூடினா வெட்டவேண்டாம்னு சர்க்காருக்கு எழுதுவாராம். ஊரே ஒரே வாயா, "ஒண்ணும் வர்றதில்லீங்க"ன்னுது. சொன்னா வரி போட்டுருவாங்கன்னு பயம். நானும் அதையேதான் சொன்னேன். எனக்குக் காடு போனாச் சரி.

அடுத்து மயிலாத்தாள். முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, "அந்தக் காட்டால எங்களுக்குச் சல்லிப் பிரயோசனமில்லீங்க சார்"ங்கறா.

எனக்கு வந்துதே கோவம்! "அடி ஆத்தா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணுமடி!"

அப்பறம் வாய் நிக்கலீங்க. தழை எத்தனை கட்டு, புல்லு எத்தனை சுமை, தேன் எத்தனை படி, காட்டுத் தேனீ மொய்ச்சு அவ அவரைப்பந்தல் காய்க்கற காய்ப்பு, வத்தாத கெணறு, அத்தனையும் வெலைக்கு வாங்கினா என்ன ஆகும்ங்கற வரைக்கும் ஒப்பிச்சேன். அவளுக்கே அத்தனை தெரியாது. பொறாமைக்காரியாட்டக் கணக்குப்புள்ள உண்டுங்களா? சார் எழுதி எழுதிக் கையை உதறினாரு.

ஆறு மாசங் கழிச்சு அவரே வந்தாரு. காடு நிக்குதாம். வரியும் இல்லையாம். மயிலாத்தாள் ஒரு சொம்புத் தேனோட ஓடிவந்து என்ர கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா.

"அக்கா, நாங்க பயந்து வாயை மூடிட்டோம். நீங்கதான் எங்க கெணத்தைக் காப்பாத்துனீங்க."

நான் தேன் சொம்பை வாங்கி இடுக்கிக்கிட்டேன்.

"உங்க கெணத்தையும்தாம்மா"ன்னாரு சார். "அங்க ஊறற தண்ணிதான் கீழ உங்களுக்கு வருது. காடு போயிருந்தா மொதல்ல வத்தறது உங்களுதுதான். நீங்க சொல்லலை, நானே அளந்து எழுதிட்டேன்."

என்ர பூமிக்கு நானே கொள்ளி வெக்க மாவிளக்கு நேந்திருக்கேன். என்ர கெணத்தடியிலயே உக்காந்துட்டேன்.

அப்பறம் கேட்டேன். "ஏனுங்க சார், அவளுக்கு எத்தனை பக்கம் எழுதினீங்க?"

"மூணு."

"எனக்கு?"

"அரைப் பக்கம்."

பாத்தீங்களா, அதுலயும் அவளுக்குத்தான் கூட!